போவதற்கு மட்டும் ஒரு கையெழுத்து

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கடைப் பலகையில் அது எழுதியும் இருந்தது. ஆனால் எங்கள் காலனியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. டைப் சார், அவ்வளவுதான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி, ஒரு மருந்துக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் அவர் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், விசா. டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இந்த வருடம் அவர் கடையை மூடிவிட்டார், இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள்.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில், ஒரு போலீஸ்காரி என் இரண்டு பிள்ளைகளையும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, "இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா?" என்று என்னைக் கேட்டாள். அந்த நிமிஷம் என் கண்முன் வந்து நின்றது கணவர் முகம் அல்ல, டைப் சார் முகம். அந்த அதிர்ச்சி இன்னும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை. நாலு மாதம் கழித்து அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றை அவரே நேரில் கொடுத்தார். இரண்டையும் சொல்வதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒல்லி. அரைக்கை வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஐந்து பேனா. எதற்கு ஐந்து என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன்.

"ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு பேனா பாப்பா. இப்ப உங்கப்பாரு கீறாரே, அவுருது இங்க் பேனா கை. அத பால்பாயின்ட்ல போட்டா செத்துப்பூடும்" என்றார்.

இதைக் கேட்டு எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஏனென்றால் டைப் சார் ஊருக்கே கையெழுத்துப் போடுகிறவர் என்பது எங்கள் காலனியில் ரகசியமே இல்லை. அவர் கடையில் நீளமான கோடு போடாத நோட்டு ஒன்று இருந்தது. முதன்முறையாக வருகிற யாராக இருந்தாலும் அதைத் திறந்து முன்னால் தள்ளுவார். "மூணு தபா போடு சார், ஒரு சேஃப்டிக்கு." பேங்க் ஆபீசர், டீச்சர், ரயில்வேக்காரர் எல்லோரும் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு எந்தப் படிவம் வந்தாலும் அவர்கள் கடைக்கு வரவேண்டியதில்லை. எதிர்வீட்டு மாமா டெல்லியில் இருந்த நேரத்தில் அவர் மகனுக்குப் பள்ளியில் டி.சி. வாங்க வேண்டியிருந்தது. படிவத்தில் டைப் சார்தான் அந்த மாமா. மாவரைத்த கையோடு வந்த ஒரு அக்கா, "கை கழுவணும் சார், நீங்களே போட்டுடுங்க" என்று எதிரிலேயே நின்றுகொண்டு சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். போட்டதும் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் போட்டா இவ்ளோ நல்லா வராது" என்று பாராட்டிவிட்டு வேறு போனார்.

ஆனால் அவருக்கு ஒரு விரதம் இருந்தது. "நெலத்துக்கும் துட்டுக்கும் கை வெக்க மாட்டேன். யாராச்சும் எங்கியாச்சும் போறதுக்கு மட்டும்தான்." இதைச் சும்மா சொல்லவில்லை. தன் தம்பியின் கையெழுத்தை நிலப் பத்திரத்தில் போடச் சொல்லிக் கேட்ட ஒரு பெரிய மனிதரை, நடுரோடு வரை துரத்திக்கொண்டு போய்த் திட்டினார். மறுநாள் அதே தம்பி வட இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போக ஒரு விண்ணப்பம் வந்தது. ஆள் ஊரில் இல்லை. சிரித்துக்கொண்டே போட்டு அனுப்பினார்.

போவதற்கு மட்டும் ஏன்? அதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. அவர் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் கால் வைத்தால் வாந்தி. மீன்காரர் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று குப்பமே சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம். தாம்பரத்தில் தங்கி டைப்பிங் படிக்க ஆசைப்பட்டிருக்கிறார். சேர்வதற்கு அப்பாவின் கைரேகை வேண்டும். அப்பா முடியாது என்றுவிட்டார்.

"நான் இன்னா பண்ணேன், என் கால் கட்டவெரல மையில தோச்சி ஃபாரத்துல வெச்சேன். மேனேஜரு பாத்துட்டு, 'உங்கப்பன் ராட்சசன் மாதிரி இருப்பான் போலடா'ன்னாரு."

இதைச் சொல்லும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி அந்தக் கட்டைவிரலைக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எந்த வீட்டிலும் யாரும் ஒரு நாள்கூட இது தப்பில்லையா என்று கேட்கவில்லை. ஒருவரைத் தவிர. அவர் என் அப்பா.

அப்பா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சட்டையில் சாக்பீஸ் தூள், பையில் சிவப்பு மைப் பேனா, வாயில் "ஸ்டெப் எங்கே?" இவை மூன்றும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அந்த நோட்டில் கையெழுத்துப் போட மறுத்த ஒரே ஆள் அவர்தான். "கையெழுத்துங்கறது அவனவன் மூஞ்சி. அத எதுக்கு இன்னொருத்தன்கிட்ட குடுத்து வைக்கணும்?" என்று டைப் சார் காதுபடவே சொன்னார். டைப் சார் கோபித்துக்கொள்ளவில்லை. அப்பாவைக் கண்டால் எழுந்து நிற்பார்.

அப்பாவின் கையெழுத்து தமிழில் இருக்கும். கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயர் முழுவதற்கும் அடியில் ஓடவிட்டு, கோட்டின் முனையில் ஒரே ஒரு புள்ளி வைப்பார்.

நான் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்தேன். மூன்றாம் வருடம், ஆறு மாதம் இங்கிலாந்தில் போய்ப் படிக்க ஒரு வாய்ப்பு வந்தது. பெண் பிள்ளைகளுக்கு அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்பா படிவத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "வேணாம்." ஏன் என்று கேட்டால், "வேணாம்னா வேணாம்." மூன்று வாரம் வீட்டில் பேச்சே இல்லை. நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன், எதுவும் நடக்கவில்லை. விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தின நாள், மற்ற காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க டைப் சாரிடம் கொடுத்தபோது அந்தக் காலிப் படிவமும் கட்டோடு போய்விட்டது. மறுநாள் காலை வாங்கப் போனேன். படிவத்தின் அடியில் வால், கோடு, புள்ளி எல்லாம் இருந்தது.

அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். "அப்பாவா?"

"வந்தாரு, போட்டாரு, பூட்டாரு. நீ வூட்ல இத பத்திப் பேசாத. வாத்தியாருக்குக் கூச்சமா இருக்கும்."

நான் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. கல்லூரியிலிருந்து அப்பாவை நேரில் வரச் சொன்னார்கள். இருவரும் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் மட்டும் ஆபீசுக்குள் போய்ப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். திரும்பும்போது ரயிலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அவர் விலகவில்லை.

அப்பா மனசு மாறிக் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் என் வாழ்க்கைக்கு அஸ்திவாரம். மேலே கட்டியது எல்லாம் அதன் மேல்தான்: மேற்படிப்பு, வேலை, கல்யாணம், லண்டனுக்கு வெளியே ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள். கணவரோடு சண்டை வந்தால், "எங்கப்பா வாயால ஒண்ணும் சொல்ல மாட்டார், செஞ்சு காட்டுவார்" என்று இதைத்தான் எடுத்து வீசுவேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

டைப் சாரோ என்னோடு இங்கிலாந்து வரை வந்துவிட்டார், வாட்ஸப்பில். எங்கள் விசா, பிள்ளைகளின் காகிதங்கள் எல்லாம் அவர் மேற்பார்வைதான். குரல் பதிவாக அனுப்புவார். அதைப் போட்டால் என் சமையலறையில் அவர் கடை வாசல் வேளச்சேரி ரோடு முழுக்க ஹாரன் அடிக்கும்.

போன கோடையில் பிரான்ஸின் வடக்கே லில் நகரத்தில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு விசா தள்ளிப்போனது. பத்தியம் சமைத்துப் போட ஆள் இல்லை. கணவருக்கு லீவு இல்லை. எட்டு வயது யாழினியையும் நாலு வயது அகிலனையும் கூட்டிக்கொண்டு நான் ஒருத்தியாகப் போகவேண்டும். எப்படிப் போவது? கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "கடலுக்கு அடியில் டனல். காரை ரயிலில் ஏற்று, முப்பத்தைந்து நிமிஷம், அந்தப் பக்கம் இறங்கு."

நான் டைப் சாரைக் கேட்டேன். வேறு எவராக இருந்தாலும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆகும் என்று ஆரம்பிப்பார்கள். அவர் ஆரம்பித்தது இப்படி:

"பசங்கள்ல யாருக்கு வாந்தி வரும்?"

"யாழினிக்கு."

"கைய உதறிகினு ஓடுறது யாரு?"

"அகிலன்."

"செரி. உனக்கு எத்தினி கை?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கை, ரெண்டு புள்ள. அப்ப பொட்டிய யாரு தூக்குவா?"

ஒரு வாரம் அவர் அந்தப் பயணத்தைத் தன் கடையில் உட்கார்ந்தபடியே நடத்திப் பார்த்தார். லண்டனிலிருந்து கடலுக்கடியில் போகும் பயணிகள் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் லில் போய்விடும். வேண்டாம் என்றார். "வூட்லேர்ந்து ஒரு ஸ்டேஷன், அங்கேர்ந்து இன்னொரு ஸ்டேஷன், அப்பால செக்கிங், அப்பால பிளாட்பாரம். நாலு எடத்துல எறங்கி ஏறணும். ஒவ்வொரு எறக்கத்துலயும் ஒரு கை வுட்டுப்பூடும் பாப்பா." பஸ்ஸைப் பற்றி அவர் பேசவே விடவில்லை. கார் என்பது முடிவாகிவிட்டது. பெல்ட் போட்டுப் பிள்ளைகளைப் பூட்டிவிடலாம், பெட்டி டிக்கியில். மிச்சம் இருந்தது கடலுக்கு மேலா, கீழா என்பதுதான்.

"சின்னவன் போன தபா வந்தப்ப தாம்பரத்துல சுரங்கப்பாதைக்குள்ள போய் இன்னா கத்து கத்துனான்? நீதான சொன்ன? முப்பத்தஞ்சு நிமிசம் கத்துனா நீ ஒண்டியா இன்னா பண்ணுவ? கப்பல்ல போ."

"யாழினிக்கு வாந்தி வருமே சார்?"

"வாந்திய பத்தி எங்கிட்ட சொல்றியா? கேட்டுக்கோ. வெறும் வயிறு ஆவாது, ரெண்டு இட்லி. கப்பலுக்கு நடுவுல ஒக்காரு, மூக்குல ஒக்காராத. மேல் மாடி வேணாம். ஜன்னலாண்ட நின்னுகினு தூரத்துல கடலும் வானமும் தொடற கோட்டயே பாக்கச் சொல்லு. போன குடுக்காத."

கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அவரு டோவரைக் கண்ணால பாத்திருக்காரா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் தங்கைக்கு எடுத்துவைத்த நெய் பாட்டிலை, "பிரிட்டன்லேர்ந்து பால் சாமான் எதுவும் அங்க வுட மாட்டான், புடுங்கிக்குவான்" என்று எடுக்கச் சொன்னது யார்? இறங்கியதும் வலது பக்கமாக ஓட்டவேண்டும், முதல் ரவுண்டானா தாண்டும் வரை பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல் என்றது யார்? கப்பல் என்று முடிவெடுத்தேன்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். "உன் பேரும் பசங்க பேரும் ஒத்துப் போவாது. அவங்கப்பாகிட்டேர்ந்து லெட்டர் இல்லாம எல்லைய தாண்டாத. நானே அடிச்சி அனுப்பறேன்." அப்புறம், "அம்மா பேரு இன்னான்னு ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடு. கேப்பான்." கடிதம் வந்தது. அச்செடுத்துப் பார்த்தேன். கணவரின் கையெழுத்து இருந்தது. டைப் சார் அவருக்கு அனுப்பி வாங்கியிருப்பார் என்று நினைத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். பெயர் சொல்லிக்கொடுப்பதைச் சிரித்துவிட்டு மறந்தேன்.

டோவரில் பிரெஞ்சு எல்லைச் சோதனையும் இந்தப் பக்கமே நடக்கிறது. கூண்டுக்குள் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் பரப்பி வைத்துப் பார்த்தாள். நம் வழக்கப்படி என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் அவர்கள் அப்பா பெயர். அவளுக்கு நாங்கள் ஒரு காரில் வந்த அந்நியர்கள். பின்சீட்டைக் குனிந்து பார்த்து அகிலனிடம், "இவங்க பேரு என்ன?" என்றாள்.

"அம்மா" என்றான்.

"அவங்களோட பெயர்?"

"அம்மாதான்" என்றான், இது என்ன கேள்வி என்பது போல.

நான் கடிதத்தை நீட்டினேன். அவள் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். ஒரு பிரிட்டிஷ் போலீஸ்காரி வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். கணவர் மீட்டிங்கில் இருந்து எழுந்து வந்து எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"கையெழுத்தா? எந்தக் கடிதம்? நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே."

போலீஸ்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அடுத்த நிமிஷம் பிள்ளைகள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். யாழினி அகிலன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.  பெற்றவளைப் பார்த்து, யார் பிள்ளையை எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அடிவயிற்றுத் தழும்பைக் காட்டவா? அப்போதுதான் ஐந்து பேனாவும் அந்த நோட்டும் கண்முன் வந்தன. கணவரின் முதல் விசாவுக்கு அவரும் மூன்று முறை போட்டுக் கொடுத்திருந்தார்.

பதறிப்போன கணவர் வீடியோவில் வந்து, வீட்டுக்கு ஓடி, பிறப்புச் சான்றிதழ்களைக் காட்டி, புதிதாக ஒரு கடிதம் எழுதி அனுப்பி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பழைய கடிதத்தைப் போலீஸ்காரி திருப்பித் தரவில்லை. எங்கள் கப்பல் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பலில் ஏறினோம். நடுவில், ஜன்னலோரம். யாழினி தூரத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு சொட்டு வாந்தி எடுக்கவில்லை. வாந்தி எடுத்தது நான்தான்.

டிசம்பரில் ஊருக்கு வந்தேன். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. யாழினி கையைப் பிடித்துக்கொண்டு நேராக ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்கு நடந்தேன். டைப் சார் மிகவும் வயதாகிப்போய் உட்கார்ந்திருந்தார். பையில் ஐந்து பேனாவும் இருந்தன.

"இன்னா பாப்பா, கப்பல் எப்பிடி இருந்துச்சி?"

நான் கத்தினேன். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். "புள்ளைங்கள கடத்திட்டுப் போறேன்னு நெனச்சாங்க சார்! ரெண்டு மணி நேரம் என்கிட்டேர்ந்து பிரிச்சு வச்சாங்க! யார் சார் உங்கள அவர் கையெழுத்தப் போடச் சொன்னது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். "நிறுத்திட்டாங்களா? நான் போட்டு ஒருத்தரும் இதுவரிக்கும் நின்னதில்லியே..." சட்டைப் பைப் பேனாக்களைத் தொட்டுப் பார்த்தார். "உன் வூட்டுக்காரருக்குத் தொந்தரவு குடுக்க வாணாம்னு பாத்தேன். கேட்டதுக்கு அவரு என்னுது இல்லன்னாரா?"

"பின்ன? போடாத கையெழுத்த போட்டேன்னு சொல்வாரா?"

"உங்கப்பாரு சொன்னாரே" என்றார்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு, "வந்தாரு, போட்டாரு, பூட்டாரு" என்ற குரல் பதினெட்டு வருடம் கழித்து மறுபடியும் காதில் கேட்டது.

"அப்பா வரலையா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நீ அழுதுகினு போன அன்னிக்கி மனசு கேக்கல பாப்பா. உன் ரேங்க் கார்டு ஜெராக்ஸ் கைல இருந்துச்சி. அத பாத்துப் போட்டேன். காலேஜ்ல அவர கூப்ட்டாங்கன்னு தெரிஞ்சதும் உசுரு போச்சு. அதே ரயில்ல வேற பெட்டியில நானும் வந்தேன். மாட்டிகினா நான்தான்னு ஒத்துக்கலாம்னு, உன் கண்ணுல படாம பின்பக்கக் கதவாண்ட நின்னுகினு இருந்தேன். ஆபீசரு ஃபாரத்த காட்டி, இது உங்க கையெழுத்தா சார்னு கேக்கறாரு. வாத்தியாரு கண்ணாடிய போட்டுகினு பாக்கறாரு, பாக்கறாரு. எனக்கு வேர்த்து ஊத்துது. அப்பால, என்னுதுதான்னாரு."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ரயிலில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. பொய் சொல்கிற பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற மனிதர். சிரிப்பு, அழுகை, கோபம் எதுவும் வரவில்லை.  அப்பா கையெழுத்துப் போடவே இல்லை. அஸ்திவாரமே இல்லாத வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறேன்.

"அவருக்கு இஷ்டமே இல்லியா சார்?"

 டைப் சார் ஸ்டூலில் ஏறமுடியாமல், மேல் தட்டில் இருக்கும் நோட்டுகளை யாழினியை எடுக்கச் சொன்னார். மூன்றாவது நோட்டில் ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் தள்ளினார்.

பக்கத்தின் தலையில் அப்பாவின் கையெழுத்து மாதிரி ஒன்று. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் அப்பாவின் பொடி எழுத்து: "வால் நீளம். புள்ளி ஒன்றுதான், இரண்டல்ல. 10க்கு 4."

"மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தாரு. அறைவாருன்னு நெனச்சேன். உக்காந்தாரு. எப்பிடிப் போட்ட, திரும்பப் போடுன்னாரு. போட்டேன். சிவப்புல அடிச்சாரு. பத்து தபா எழுதுன்னாரு, பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கா. நடுவுல ஒரு தபா அவரே என் பேனாவ புடுங்கிப் போட்டுக் காட்டுனாரு."

"எதுக்கு சார்?"

"நானும் அதான் கேட்டேன். 'அவ இனிமே நிக்க மாட்டா, போய்க்கிட்டே இருப்பா. ஒவ்வொரு தடவையும் பேப்பர் வரும். அவள அனுப்பறதுக்கு என் கை வராது. நீ போடு. ஒழுங்காப் போடு'ன்னாரு. அதுக்கப்பறம் எது வந்தாலும் போன் பண்ணிக் கேப்பேன். போடுன்னுவாரு. வேற பேச்சு கெடையாது."

ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். சிவப்புக் குறிக்குக் கீழே பதினொரு கையெழுத்து. எல்லாம் ஒரே இங்க் பேனா. வால், கோடு, ஒரே ஒரு புள்ளி. கடைசியில் சிவப்பு மையில் ஒரு டிக்.

யாழினி விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். "அம்மா, இதுல தாத்தா போட்டது எது?"

நான் மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். தெரியவில்லை. நோட்டை டைப் சார் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தெரிலியே பாப்பா" என்றார்.